கொள்கையளவில் சம்மதம்

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தரப்பட்டது.)



மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்க என்று செயலாளர் போனில் சொன்னார். தலைப்பும் அவரே வைத்திருந்தார்: ‘கொள்கையும் வாழ்க்கையும்’. அந்தத் தலைப்பில் பேச மேடைகளும் ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். நான் 36 ஆண்டு வங்கியில் இருந்தவன். அதிலே பெரும்பகுதி கடன் பிரிவு. கடன் பிரிவில் இருப்பவனுக்கு வாழ்க்கைத் தத்துவம் வருகிறதோ இல்லையோ, ஒரு கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிற பழக்கம் வந்துவிடும். ஆகவே கொள்கையைப் பற்றிப் பேசாமல், கொள்கை என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று சொன்னேன். சரி என்றார். கொள்கையளவில் சரி என்றாரா, முழுக்கச் சரி என்றாரா என்று நான் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘பிரின்சிபிள்’ என்று ஒரு சொல். அதற்கு முன்னால் ‘இன்’ போட்டால் ஒரு பொருள். ‘ஆன்’ போட்டால் வேறு பொருள். படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ‘இன் பிரின்சிபிள் ஒப்புக்கொள்கிறேன்’ என்றால், அடிப்படையில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் விவரங்களை இன்னும் பார்க்கவில்லை, அல்லது விவரத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது என்று பொருள். ‘ஆன் பிரின்சிபிள் மறுக்கிறேன்’ என்றால், நான் நம்பும் ஒரு நெறி இதை அனுமதிக்கவில்லை, விவரம் எப்படி இருந்தாலும், எனக்கு லாபமே வந்தாலும் என் பதில் இதுதான் என்று பொருள். முதலாவதில் கதவு பாதி திறந்திருக்கிறது. இரண்டாவதில் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

இலக்கணமாகச் சொன்னால் மனதில் நிற்காது. நம் வீட்டு உதாரணம் சொல்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைப் பையன் சொல்கிறான்: “எனக்கு இன் பிரின்சிபிள் வரதட்சணையில உடன்பாடு இல்லைங்க.” பெண்ணின் அப்பா சந்தோஷப்பட்டு, ஆஹா, தங்கமான பையன் என்று நினைத்து எழுந்து நிற்கிறார். அவர் நல்ல ஆங்கிலம் தெரிந்தவராக இருந்தால் உட்கார்ந்தே இருப்பார். ஏனென்றால் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. “ஆனா அம்மாவுக்கு ஒரு ஆசை, ஊர்ல நாலு பேர் கேப்பாங்க” என்று அடுத்த பாதி வரப் போகிறது. ‘ஆன் பிரின்சிபிள் நான் வரதட்சணை வாங்க மாட்டேன்’ என்று பையன் சொல்லியிருந்தால், அதற்குப் பின்னால் அம்மா வர இடமில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் நம்மில் பலர் அதை ‘இன்’ போட்டுத்தான் ஆதரித்து வருகிறோம்.

அறிவியல் மாணவர்களுக்கு இந்த ‘இன்’ இன்னொரு விதத்தில் பழக்கம். இந்த மண்டபத்தில் இருக்கிற காற்று மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த மூலைக்குப் போய்விடுவது இன் பிரின்சிபிள் சாத்தியம் என்று இயற்பியல் ஆசிரியர் சொல்வார். இயற்கை விதி எதுவும் அதை முற்றாகத் தடுக்கவில்லை. அதற்காக யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவதில்லை. தத்துவத்தில் முடியும் என்பதற்கும் நடைமுறையில் நடக்கும் என்பதற்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியும். மற்ற துறைக்காரர்களான நாம்தான் தத்துவத்தைக் கேட்டுவிட்டுப் பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

எழுத்துக் கூட்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முதல்வர் அவர்கள் பதவியின் பெயர் ‘பிரின்சிபல்’. அது பி, ஏ, எல் என்று முடியும். நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘பிரின்சிபிள்’ பி, எல், இ என்று முடியும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மாணவர்கள் ‘மேன் ஆஃப் பிரின்சிபல்ஸ்’ என்று எழுதினால், பல கல்லூரி முதல்வர்களுக்குச் சொந்தமானவன் என்ற மாதிரி ஆகிவிடும். வங்கியிலும் பிரின்சிபல் உண்டு. வட்டி சேராத அசல் தொகை அது. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் முதலாவது, தொடக்கம் என்ற பொருளில் உள்ள சொற்களிலிருந்து வந்தவை. இதில் எனக்கு ஒரு சந்தோஷம் என்னவென்றால், தமிழிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. கல்லூரித் தலைவர் முதல்வர். வட்டிக்குக் கொடுத்த பணம் முதல். “வட்டியும் போச்சு, முதலும் போச்சு” என்கிறோம். லத்தீன் தெரியாத நம் ஊர் வட்டிக்கடைக்காரரும் ரோமாபுரிக்காரனும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் கொள்கைக்கு வரும்போது நாம் வேறு வழியில் போய்விட்டோம். கொள் என்ற வினையிலிருந்து கொள்கை. ஒருவன் பற்றிக் கொண்டிருப்பது. இந்த ஒரே சொல்லை நாம் பிரின்சிபிளுக்கும் வைத்திருக்கிறோம், பாலிசிக்கும் வைத்திருக்கிறோம். சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறைக்கும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ என்று புத்தகம் போடுகிறார்கள். அந்தக் கொள்கை பாலிசி. அரசு மாறினால் அதுவும் மாறலாம். மாறுவதில் தவறும் இல்லை. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறாரே, அந்தக் கொள்கை பிரின்சிபிள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், பாலிசியை மாற்றியவரைக் கொள்கை தவறியவர் என்று திட்டுகிறோம், பிரின்சிபிளை விற்றவரைக் கொள்கை மாற்றம் செய்தார் என்று மரியாதையாக எழுதுகிறோம்.

அதே சமயம், ‘இன் பிரின்சிபிள்’ என்பதற்குத் தமிழ்ப் பத்திரிகைகள் போடும் சொல் இருக்கிறதே, ‘கொள்கையளவில்’, அது ஆங்கிலத்தைவிட நேர்மையான சொல் என்பது என் அபிப்பிராயம். அதிலே ‘அளவில்’ என்று வருகிறது. இந்த அளவுக்குத்தான், இதற்கு மேல் இல்லை என்று சொல்லிலேயே கோடு போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்ற சின்ன எழுத்துக்குள் ஒளிந்திருப்பதைத் தமிழ் வெளியே எடுத்து வைத்துவிட்டது. நாமோ படிக்கும்போது அந்த ‘அளவில்’ என்பதை விழுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் படிக்கிறோம். ‘பாலத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல்’ என்று செய்தி வந்தால் மறுநாள் ஊரில் வெடி வெடிக்கிறார்கள். இதே சொல்லின் எதிர்ப்பக்கமான ‘ஆன் பிரின்சிபிளு’க்குக் ‘கொள்கைக்காக’ என்று நம்மிடம் நல்ல தமிழ் இருக்கிறது. ஆக, கொள்கையளவில், கொள்கைக்காக. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் ‘இன்’, ‘ஆன்’ தகராறு வராது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

வங்கிகளில் ‘இன் பிரின்சிபிள் சாங்ஷன்’ என்று ஒரு கடிதம் கொடுப்பது வழக்கம். உங்கள் வருமானத்தையும் திட்டத்தையும் பார்த்தோம், இவ்வளவு தொகை வரை கொடுக்கலாம் என்று படுகிறது, சொத்துப் பத்திரங்கள் சரியாக இருந்து, எங்கள் வக்கீல் சரி என்று எழுதி, மதிப்பீட்டாளர் மதிப்புப் போட்டு, உங்கள் பங்குப் பணத்தை நீங்கள் கட்டினால், இறுதி அனுமதி தருவோம் என்பது அதன் சாரம். அரைப் பக்கம் பாராட்டு, ஒன்றரைப் பக்கம் நிபந்தனை. நம் ஆட்கள் முதல் அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள்.

2003-இல் கொங்குப் பகுதியில் ஒரு கிளையில் நான் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தேன். கிளை எது என்பது இங்கே வேண்டாம். எட்டு விசைத்தறி வைத்திருந்த ஒருவர், நாடா இல்லாத் தறி நான்கு வாங்கக் கடன் கேட்டிருந்தார். நல்ல உழைப்பாளி. கணக்கு வழக்கு சுத்தம். அவருக்கு இந்தக் கடிதம் போயிற்று. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் மேலாளர் உற்சாகமான மனிதர். போனை எடுத்து, “உங்களுக்கு சாங்ஷன் ஆயிடுச்சுங்க, ஸ்வீட் எங்க?” என்று சொல்லிவிட்டார். ‘இன் பிரின்சிபிள்’ என்ற இரண்டு சொல்லை அவர் விட்டுவிட்டார். போனில் யார்தான் அதையெல்லாம் சொல்கிறார்கள்?

அவர் அன்று மாலையே தறி விற்பவரிடம் ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டார். தறி ஷெட்டைச் சேர்த்துக் கட்டக் கடைக்கால் தோண்டியாயிற்று.

ஈடாகக் காட்டிய நிலம் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் அப்பா இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. ஒரு பையன், ஒரு பெண். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. ஆனால் வங்கி வக்கீல் பட்டாவோடு திருப்தி அடைபவர் இல்லை. தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதினார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு உண்டு. அவருடைய விடுதலைப் பத்திரம் இல்லாமல் இந்தச் சொத்தை அடமானம் வாங்க முடியாது.

அண்ணன் தங்கையிடம் போனார். ஏதோ சம்பிரதாயக் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த அம்மா உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தவர், பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேரும் பிறகு கிளைக்கு வந்தபோது என் மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்தார்கள். அண்ணன் சொன்னார்: “உனக்குப் பங்கு இல்லேன்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா கண்ணு? இருக்குதுதான். இப்பத்திக்குக் கையெழுத்துப் போட்டுக் குடு, அப்புறம் பாத்துக்கலாம்.” தங்கை நிதானமாகச் சொன்னார்: “அண்ணா, எனக்கு அந்த எடத்துல ஒரு சென்ட்கூட வேண்டாம். நீங்களே தறி போட்டு ஓட்டுங்க. ஆனா விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு பேரு பேருலயும் பட்டா மாத்துங்க, அதுக்கப்புறம் பேங்க்ல நானும் வந்து கையெழுத்துப் போட்டு எடத்த ஈடு வெச்சுத் தர்றேன்.” என்னைப் பார்த்து, “அப்படி முடியுமுங்களா சார்?” என்று கேட்டார். முடியும். கூட்டு உரிமையாளர்கள் சேர்ந்து அடமானம் வைக்கலாம். வங்கிக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு விதத்தில் கூடுதல் பத்திரம்.

அண்ணனுக்குத்தான் கஷ்டம். ஊரில் என்ன நினைப்பார்கள் என்று பத்து மாதம் யோசித்தார். எங்கள் கடிதத்துக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அது காலாவதி ஆயிற்று. தறிக்காரர் வேறு ஆளுக்குத் தறியை விற்றுவிட்டு, முன்பணத்தில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். கடைக்கால் குழியில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்றது. கடைசியில் பட்டா இரண்டு பெயருக்கும் மாறியது. மறுபடி விண்ணப்பித்தார்கள், நான்குக்குப் பதில் இரண்டு தறிக்குக் கடன் போயிற்று. அப்போது எனக்கு அந்த ஊரிலிருந்து மாற்றல் வந்துவிட்டது.

இந்தக் கதையில் இரண்டு பிரின்சிபிளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. வங்கி கடனுக்குக் கொள்கையளவில் சம்மதித்தது. அண்ணன் தங்கையின் பங்குக்குக் கொள்கையளவில் சம்மதித்தார். தங்கை மட்டும் கொள்கைக்காக மறுத்தார். பணமோ நிலமோ கேட்கவில்லை என்பதால் அவரை யாரும் பேராசைக்காரி என்று சொல்ல முடியவில்லை; ஆனாலும் சொன்னார்கள்.

‘இன் பிரின்சிபிள்’ ஒரு ஏமாற்றுச் சொல் என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் அது மிகவும் கண்ணியமான சொல். ரிசர்வ் வங்கியைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் புதிய வங்கி தொடங்க இரண்டு நிறுவனங்களுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது, ஐ.டி.எஃப்.சி., பந்தன் என்று. இரண்டும் 2015-இல் வங்கியாகக் கதவைத் திறந்தன. அதே 2015 ஆகஸ்டில் பேமென்ட்ஸ் வங்கி நடத்தப் பதினோரு பேருக்கு அதே மாதிரி ஒப்புதல் கொடுத்தது. பதினெட்டு மாதம் அவகாசம், அதற்குள் நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் உரிமம். அதுவரை வங்கித் தொழில் செய்யக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று மூன்று பேர் 2016-இல் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இன்னும் என்ன பாக்கி, எந்தத் தேதிக்குள், அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் முதல் நாளே எழுதப்பட்டிருந்தது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அனுமதி இரண்டு கட்டமாகத்தான் வருகிறது. முதல் கட்டம் கொள்கையளவில், நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு இரண்டாவது கட்டம். பொதுவாக முதல் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மரம் வெட்டக் கூடாது. சொல் அங்கே சரியாகத்தான் வேலை செய்கிறது.

‘ஆன் பிரின்சிபிள்’ பக்கம் ஆள் குறைவு. இருப்பவர்களை மறப்பதும் கஷ்டம். நம் மண்ணிலேயே நடந்த ஒன்று. 1956 நவம்பர் 23-ஆம் தேதி, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் பாலத்தைக் கட்டவும் இல்லை, வண்டியை ஓட்டவும் இல்லை. அதே ஆண்டு மகபூப்நகர் விபத்து நடந்தபோதே ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. கொள்கையளவில் பொறுப்பேற்கிறேன் என்று அறிக்கை விட்டுவிட்டு நாற்காலியில் இருந்திருக்கலாம். அந்த வசதியான பழக்கம் பிற்பாடு எவ்வளவு பேருக்கு வந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொருவர் முகம்மது அலி, குத்துச்சண்டை வீரர். 1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன் நகரம். வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர்க்கும் சடங்கு. பெயரைக் கூப்பிட்டால் ஒரு அடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. அலி அந்த ஓர் அடியை எடுத்து வைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 25, உலக சாம்பியன். பட்டம் போயிற்று, உரிமம் போயிற்று. ஐந்து ஆண்டு சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் ஜாமீனில் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டு, ஒரு குத்துச்சண்டை வீரனுடைய உடம்பின் மிக நல்ல மூன்றரை ஆண்டு, அவர் வளையத்துக்கு வெளியே இருந்தார். 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இழந்த வருஷங்களை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

இந்த இரண்டு பேரையும் வைத்துப் பார்த்தால், ‘ஆன் பிரின்சிபிள்’ என்று ஒருவர் சொல்லும்போது அது சரியான பிரயோகமா என்று கண்டுபிடிக்க இலக்கணப் புத்தகம் தேவையில்லை. செலவு யாருடையது என்று கேட்டால் போதும். சாஸ்திரி பதவியைக் கொடுத்தார். அலி பட்டத்தைக் கொடுத்தார். அந்த டீச்சரம்மா பிறந்த வீட்டில் நல்ல பெயரைக் கொடுத்தார். இதற்கு மாறாக நாம் தினமும் கேட்பது என்ன? “ஆன் பிரின்சிபிள் நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்லப்பா.” இதை ஒரு அதிகாரி ஏழைப் பையனிடம் சொல்வார், தன் மைத்துனன் மகனிடம் சொல்ல மாட்டார். செலவு பையனுடையது. ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் சண்டை போடுபவர், “பணம் பெரிசில்ல சார், பிரின்சிபிள்” என்கிறார். பத்து ரூபாய்க்கு ஒரு பிரின்சிபிள் கிடைத்தால் மலிவுதான். ஆனால் ஆங்கிலம் அங்கே கொஞ்சம் அழுகிறது.

மாணவர்களுக்கு நேரடியாக இரண்டு விஷயம். இப்போது நீங்கள் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டால் முதலில் கையில் வருவது பெரும்பாலும் ‘இன் பிரின்சிபிள்’ கடிதம்தான். அதைக் காட்டி வெளிநாட்டுக் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால், அப்பாவிடம் உட்கார்ந்து, ‘சப்ஜெக்ட் டு’ என்று எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் யார், எப்போது, என்ன காகிதம் கொடுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வட்டம் எல்லாம் அடிபட்ட பிறகுதான் அது கடன். வேலைக்கான கடிதங்களிலும் இதே ‘சப்ஜெக்ட் டு’ உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, நீங்களே இந்தச் சொல்லை எழுதும்போது. ‘ஐ அக்ரி இன் பிரின்சிபிள்’ என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். ஆங்கிலம் தெரிந்தவர் காது அங்கே ஒரு ‘பட்’டுக்காகக் காத்திருக்கும். ‘ஆனால் தொகை அதிகம்’, ‘ஆனால் மார்ச் வரை என்னால் முடியாது’ என்று மிச்சத்தையும் எழுதிவிடுங்கள். மிச்சமே இல்லையென்றால் ‘ஐ அக்ரி’ போதும். இரண்டு சொல் மிச்சம், ஒரு மனிதனின் தூக்கமும் மிச்சம். மறுக்கும்போது, உண்மையான காரணம் நேரமின்மை என்றால் நேரமின்மை என்றே எழுதுங்கள். ‘ஆன் பிரின்சிபிள்’ என்று எழுதினால் அடுத்த முறை நேரம் இருக்கும்போதும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டிவரும்.

முடிக்கிறேன், செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார். அவர் மேசையில் ஒரு மினிட்ஸ் புத்தகம் இருக்கிறது. காலையில் வந்ததும் வாங்கிப் புரட்டினேன், பழைய பழக்கம். சென்ற ஆண்டுப் பொதுக்குழுத் தீர்மானம் நான்கில், ‘விடுதிக் கட்டணம் கட்ட இயலாத மாணவர்களுக்கு உதவ நிதி ஒன்று ஏற்படுத்தக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்படுகிறது’ என்று இருக்கிறது. நாமெல்லாம் கைதட்டி நிறைவேற்றியது. கீழே தொகை எழுதவில்லை, பொறுப்பாளர் பெயர் எழுதவில்லை, தேதி எழுதவில்லை. விடுதி அலுவலகத்திலும் விசாரித்தேன். இந்தப் பருவத்தில் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் சில பேர் இருக்கிறார்கள். பெயர்களை நான் கேட்கவில்லை.

பொதுக்குழு பிற்பகல் மூன்று மணிக்கு இதே மண்டபத்தில் கூடுகிறது. சாப்பிட்டுவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பிவிடாமல் இருங்கள். செக் புத்தகம் கொண்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.